ரேடியோ வாசித்த ஓலை

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக ரேடியோ அகதாவுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை உடையப்பன். அதே தோட்டத்தில், கடைசி லயத்து வரிசை வீட்டில் இருக்கிற லாரிக்காரன். பாட்டு விருப்ப நேரத்தில் அறிவிப்பாளர் குழைந்து குழைந்து படித்தார்: “சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விரைவில் மணம் காணவிருக்கும் அகதா, உடையப்பன் இருவரையும் தோட்டத்து நண்பர்கள் வாழ்த்துகிறார்கள்.” பிறகு ஒரு டூயட். அடுத்த ஞாயிறும் அதே பெயர்கள். பாட்டு மட்டும் வேறு.

யார் அந்த நண்பர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அகதாவுக்கு நிச்சயமாகியிருந்தது ஸ்டானிஸ்லாஸோடு. ஆயர் தாவாரில் செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி. இந்த ஞாயிறு மாலை மாதா கோயிலில் முதல் ஓலை.

கத்தோலிக்க வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண், மாப்பிள்ளை இருவர் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பது. மூன்று முறையும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அப்புறம் அந்தக் கல்யாணத்தை யாரும் அசைக்க முடியாது. பங்குச் சாமியார் இந்தத் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும் ஓலை வாசிப்பதும் உபதேசியார்.

உபதேசியார் மத்தியாஸ். அகதாவின் அப்பா. வார நாளில் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், அதட்டுவார். ஞாயிறு வெள்ளைச் சட்டை.

அவர் விசாரிக்காமல் ஒரு பெயரையும் வாசித்ததில்லை. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க பாரிட் புந்தார் வரை பஸ் ஏறிப் போய், அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பதைக் கண்டுபிடித்துத் திரும்பியவர். ஊர் கேட்க ஒன்றை வாசிப்பது என்றால் அவருக்கு அதுதான் பொருள். வாசிப்பதற்கு முன்னால் எவனோ ஒருவன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருப்பான்.

அவர் ரேடியோவை நம்பி மகளை நம்பாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு வீரம்மா போன வாரம் விளையாட்டாகச் சொன்னாள்: “ரேடியோக்காரன் ரெண்டு ஓலை வாசிச்சிட்டான். இன்னும் ஒண்ணுதான் பாக்கி.” சொன்னவள் சிரித்தாள். கேட்ட மத்தியாஸ் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “இன்னைக்கு மூணாவது வாட்டி வந்துச்சுன்னா, சாயந்திரம் நான் ஒன் ஓலைய வாசிக்க மாட்டேன்.”

“அப்பா, எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்லன்னு எத்தன தடவ சொல்றது?”

“இல்லாமயா அவ்வளவு பெரிய ரேடியோவுல படிக்கிறாங்க?”

“எவன் கார்டு எழுதிப் போட்டாலும் படிப்பாங்கப்பா. அவங்களுக்கு என்னைத் தெரியுமா, இந்தத் தோட்டத்தத் தெரியுமா?”

“தெரியாமப் படிக்கிறதுக்கு அவனுங்க என்ன கிறுக்கனுங்களா? படிச்சவனுங்க.”

அம்மா ரோசரி அடுப்படியில் இருந்தாள். கணவரோடு வாதாடிப் பயனில்லை என்று அவள் முடிவுக்கு வந்து வெகுகாலமாகிறது.

அகதா விளக்குமாற்றை எடுத்தாள். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள். அவள் ஈப்போவில் துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். முதல் ஞாயிறு ரேடியோவில் பெயர் வந்த மறுநாள், வேலை முடிந்து பஸ் ஏறும் முன் அவளும் ஒரு கார்டு வாங்கி எழுதிப் பெட்டியில் போட்டாள். இரண்டு பெயர்கள். சொல்லிச் சொல்லி நம்பாத அப்பா கேட்டாவது நம்பட்டும் என்று.

போன வாரம் அது வரவில்லை. இன்று வரலாம். வராமலும் போகலாம். வராமல் பழைய கார்டே மறுபடியும் வந்தால், சாயந்திரம் ஊருக்கு முன்னால் அப்பா அவள் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது.

*

தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் உடையப்பன் நின்றான். அவளைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

“ஓடாதீங்கண்ணே. நாலு பேரு பாக்கறாங்க. ஓடுனா இன்னும் பேசுவாங்க.”

“நின்னா மட்டும் பேச மாட்டாங்களா?” வாளியைத் திரும்பக் குழாய்க்குக் கீழே வைத்தான். “எங்கம்மா ரெண்டு வாரமா ஏங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. ‘ஊருக்கெல்லாம் சொல்ற, ரேடியோவுல சொல்ற, பெத்தவகிட்ட சொல்ல வாய் வரலயா’ன்னு அழுகுது.”

“இல்லன்னு சொல்லலியா?”

“சொன்னேன்லா. இல்லன்னா ஏன் ரேடியோவுல வருதுங்குது. கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குது.” அவன் பீடியைத் தேடினான், கிடைக்கவில்லை. “பாரிட் புந்தார்ல மாமா பொண்ணப் பேசி வச்சிருந்தோம். மாமாவும் கேட்டுட்டாரு. வேதத்துல சேரப் போறியாமேன்னு ஆள் விட்டுக் கேக்குறாரு. கதவு சாத்தியாச்சு. ஒனக்கு மட்டுந்தான் சூசா, கஷ்டம்னு நெனச்சியா?”

அகதாவுக்கு அது தெரியாது. இரண்டு வாரமாக அவள் தன்னைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தாள்.

“யாருண்ணே போட்டிருப்பாங்க?”

“தெரிஞ்சா இந்நேரம் அவன் ஆஸ்பத்திரில படுத்திருப்பான்.” அவளை ஒருமாதிரி பார்த்தான். “நீ போடலதானே?”

“வாளி வழியுது, பாருங்க,” என்றாள் அகதா.

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. அவளுக்குக் கோபம் வந்தது. கேட்டவன்மேல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மத்தியானம் லயம் முழுக்க ஒரே ரேடியோ. ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தால் ஒரு சொல் விடாமல் கேட்கலாம். வீரம்மா வீட்டு ரேடியோவுக்குக் கரகரப்பு அதிகம், அதனால் அவள் முறத்தில் அரிசியோடு வந்து ரோசரி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அரிசி புடைப்பது சாக்கு.

மத்தியாஸ் நாற்காலியில் ஓலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் கொடுத்தனுப்பிய தாள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

முதல் பாட்டு கிளாங்கிலிருந்து யாருக்கோ பிறந்தநாள். இரண்டாவது, பந்திங்கில் ஒரு தம்பதிக்கு. பெயர்களாகப் படித்துக்கொண்டே போனார் அறிவிப்பாளர். அண்ணன், அண்ணி, பெரியம்மா, பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர். அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? அகதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனாள். தண்ணீர் குடித்தாள். வெளியே வந்தாள்.

“ஒக்காருடி, தலை சுத்துது,” என்றாள் வீரம்மா.

“நீங்க அரிசியப் பாருங்கக்கா. கல்ல விட்டுட்டு அரிசியப் பொறுக்கிப் போடறீங்க.”

பாட்டு, விளம்பரம், பாட்டு. மத்தியாஸின் கால் ஆடிக்கொண்டிருந்தது. நேரம் முடியப் போகிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். மத்தியாஸ் மூச்சை விட்டார். பழையது வரவில்லை. புதியதும் வரவில்லை. இப்படியே விட்டால் அவர் ஓலையை வாசிப்பார். ஆனால் மகளை நம்பி அல்ல, ரேடியோ விட்டுக்கொடுத்ததால்.

“இன்றைய நிறைவுப் பாடல்,” என்றது ரேடியோ. “சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விரைவில் மணம் காணவிருக்கும் மண்டோர் மத்தியாஸ், கருப்பம்மாள் இருவரையும் தோட்டத்து நண்பர்கள் வாழ்த்துகிறார்கள்.”

பாட்டு ஆரம்பித்தது. மல்லிகை, நிலா, கட்டில் எல்லாம் அதில் இருந்தது.

கருப்பம்மாள் உடையப்பனின் அம்மா. விதவை.

மூன்றாவது வீட்டில் ஒருவன் விசிலடித்தான். வீரம்மாவின் முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது மத்தியாஸை.

“அண்ணே,” என்றாள், “நீங்களுமா?”

“சீ! வாயக் கழுவு!”

“நான் என்ன சொன்னேன்? ரேடியோல்ல சொல்லுது.”

ரோசரி அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“ஏங்க, ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலகாரமாவது சுட்டு வச்சிருப்பேன்.”

“ரோசரி, மாதா சத்தியமா...”

“சத்தியம் எதுக்கு? அவ்வளவு பெரிய ரேடியோ. படிச்சவங்க. தெரியாமயா படிச்சிருப்பாங்க?”

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது. எழுந்து வாசலுக்கு வந்தார். லயத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள். வேலையில் அவர் அதட்டுகிற அதே ஆட்கள். ஒருவனும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“எவனோ வேணும்னு எழுதிப் போட்டிருக்கான்!” என்று கத்தினார். “எவன் வேணாலும் எழுதிப் போடலாம்! அந்த ரேடியோக்காரனுக்கு நான் யாருன்னு தெரியுமா?”

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தாம்பா போட்டேன்,” என்றாள் அகதா.

அவர் கையை ஓங்கினார். ரோசரி இடையில் வரவில்லை, சத்தமாகச் சிரித்தாள். பல வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மத்தியாஸ் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி லயத்திலிருந்து கருப்பம்மாள் வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கையில் எதுவும் இல்லை. விளக்குமாற்றோடு வருவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை.

“தாலி அறுத்து, தலைகுனிஞ்சு பொழச்சு, ஒரு ஆம்பளப் பிள்ளைய ஆளாக்கியிருக்கேன்,” என்றாள். “ஒருத்தன் வாய்ல விழுந்ததில்ல. இப்ப எம்பேரக் கேட்டு விசிலடிக்கிறானுங்க. மண்டோரே, நான் ஒனக்கு என்ன பண்ணேன்?”

“அவரு ஒண்ணும் பண்ணல பெரியம்மா. நான்தான் எழுதுனேன்,” என்றாள் அகதா. “ரேடியோவுல வந்தா நெசமாயிடாதுன்னு காட்டுறதுக்கு. ஒங்க மகன் சொன்னதும் பொய்யில்லன்னு...”

“அதக் காட்டுறதுக்கு எம்பேருதான் கெடச்சுதா?”

கார்டு எழுதும்போது அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றியது. சிரிப்பு வரும், அப்பா திணறுவார், ஊர் புரிந்துகொள்ளும். கருப்பம்மாளுக்கு என்ன ஆகும் என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முதல் கார்டைப் போட்டவனும் இப்படித்தான் யோசிக்காமல் போட்டிருப்பான்.

“தப்பு பெரியம்மா.”

“தப்புங்கிறத ரேடியோவுல சொல்லுவாங்களா?” என்று கேட்டுவிட்டு கருப்பம்மாள் திரும்பி நடந்தாள்.

சொல்ல மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது.

*

மாலை கோயிலில் என்றுமில்லாத கூட்டம். ஜன்னலுக்கு வெளியே மாரியம்மன் கோயில் ஆட்கள்கூட நின்றார்கள். வீரம்மா ஜன்னலில் முன்னால் இடம் பிடித்திருந்தாள்.

மத்தியாஸ் ஜெபம் முடித்து ஓலையை விரித்தார். வாசிக்கும்போது குரல் பிசிறவில்லை. சுங்கை சிப்புட் மத்தியாஸ், ரோசரி மகள் அகதா. ஆயர் தாவார் ஸ்டானிஸ்லாஸ். “இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

வழக்கமாக இதோடு தாளை மடித்துவிடுவார். இன்று மடிக்கவில்லை.

“ரேடியோவுல கேட்டேன்னு யாரும் வரவேணாம்,” என்றார். “நீங்களா கண்டது, நீங்களா கேட்டது இருந்தா வாங்க.”

“ரேடியோவையும் நாமளாதானே கேட்டோம்,” என்று ஜன்னலில் வீரம்மா முணுமுணுத்தாள். நான்கு பேர் சிரித்தார்கள். ஆனால் யாரும் உள்ளே வரவில்லை.

அகதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா அவளை நம்பிவிட்டார். அவளுக்கு வேண்டியது அதுதான். கிடைத்தும், கருப்பம்மாள் நடந்து போன முதுகு கண்ணிலேயே இருந்தது.

கோயிலை விட்டு வெளியே வரும்போது செம்மண் பாதையில் ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸ்டானிஸ்லாஸ். ஆயர் தாவாரிலிருந்து நேராக வந்த புழுதி சட்டையெல்லாம். இறங்கினான், இன்ஜினை நிறுத்தவில்லை.

“வாங்க தம்பி,” என்றார் மத்தியாஸ். “இப்பதான் ஓலை வாசிச்சேன்.”

“எங்க கோயில்ல சாயந்திரம் வாசிக்கல மாமா.”

“ஏன்? யாரு நிறுத்துனா?”

“நான்தான்.”

கூட்டம் கலைவது நின்றது. ஸ்டானிஸ்லாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. அகதாவைப் பார்த்துக் கேட்டான்: “இன்னைக்கு ரேடியோவுல மாமா பேரு வந்துச்சு. எங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. அத எழுதுனது யாரு?”

“நான்.”

“எதுக்கு?”

“யாரு வேணும்னாலும் எழுதலாம், கேக்காமப் படிப்பாங்கன்னு எங்கப்பாவுக்குக் காட்ட.”

அவன் தலையாட்டினான். கணக்குச் சரியாக வந்துவிட்ட கிராணி மாதிரி.

“அதத்தான் நானும் வழி முழுக்க யோசிச்சேன். யாரு வேணும்னாலும் எழுதலாம். தோட்டத்து நண்பர்கள்னு கையெழுத்துப் போடலாம். ரெண்டு கார்டுலயும் அதே வார்த்த, அதே மாதிரி.” அகதாவின் பக்கம் ஓர் அடி வைத்தான். “அப்ப மொதக் கார்டையும் நீயே போட்டிருக்கலாம்லா?”

“என்ன சொல்றீங்க?”

“என்னையக் கட்டிக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம். ரேடியோவக் கச்சாவ் பண்ணி, கொழப்பி விட்டு, ஒரு பாவப்பட்ட லாரிக்காரன் பேர இழுத்து... இதெல்லாம் எதுக்கு?”

அவள் அந்த வார்த்தைகளை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். ரேடியோவில் கேட்டபடியே. அப்போதுதான் அப்பாவுக்கு உறைக்கும் என்று. இப்போது அதுவே அவள்மேல் வந்து நின்றது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வீரம்மாவின் வாய் மெதுவாகத் திறந்தது. மத்தியானம் வரை ரேடியோவை நம்பியவர்கள் இப்போது இதை நம்பத் தயாராக இருந்தார்கள். இதற்கும் யாரும் பஸ் ஏறிப் போகப் போவதில்லை.

மத்தியாஸ் வாயைத் திறந்தார். மகளுக்குப் பதிலாகப் பேசிப் பழகிய வாய். மூடிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா.”

நான் போடவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அது உண்மை. இரண்டு வாரமாக அதே மூச்சை அவள் அப்பாவுக்காக வீணாக்கியிருந்தாள்.

“நான் போடலன்னு சொன்னா நம்புவீங்களா?” என்று ஸ்டானிஸ்லாஸைக் கேட்டாள்.

ஹோண்டா உறுமிக்கொண்டிருந்தது. அவன் கைப்பிடியைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அவளைக் கட்டிக்கொள்ள ஆசையும் உள்ளவன். ஆனாலும் அவளை மட்டும் பார்க்கவில்லை.

“இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க,” என்றாள் அகதா. “தூரம் போகணும்.”

அவன் ஏறிக் கிளம்பினான். புழுதி அடங்க நேரமானது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மத்தியாஸ் தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ரெண்டாவது ஓலைய என்ன பண்றது? சாமியார்ட்ட சொல்லி நிறுத்திடவா?”

“வேணாம்பா. அடுத்த ஞாயிறு வாசிங்க.” அகதா முக்காட்டை எடுத்து மடித்தாள். “தடை இருக்கான்னு கேப்பீங்கல்ல, அப்ப எல்லாரும் சன்னலப் பாக்க வேணாம். அவரு என்னைய நம்பலன்னா, தடைன்னு நானே எந்திரிச்சு நின்னாலும் நிப்பேன்.”